அலைதலும் அலைவித்தலும்

நம் சமூகத்தாரின் கொள்வினை கொடுப்பினை எல்லாம் ஒரு காலத்தில் ஒரு நாள் வண்டிப் பயணத்துக்குள் அடங்கியிருந்தன. வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களுக்குள்ளேயே பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம். விடியலில் வண்டி பூட்டினால் பொழுது சாயுமுன் சம்பந்தி வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிடலாம். இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் கோவையிலும் பணிபுரிகின்றனர். ஒரு திருமணம், ஒரு புதுமனைப் புகுவிழா, ஒரு பஞ்ச கல்யாணம் என்றால் முந்நூறு முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை கடந்தாக வேண்டும். நூறு கிலோமீட்டர் என்றால் பேருந்தோ காரோ போதும். ஆயிரத்தைத் தாண்டினால் விமானம் அல்லது இரவு ரயில் என்று எளிதில் முடிவாகிவிடும். இடைப்பட்ட இத்தூரமே இல்லங்களில் வாதத்தை எழுப்புகிறது. காரில் செல்வதா, விமானத்தில் செல்வதா?

இதைப் பணக் கணக்காகவும் காலக் கணக்காகவும் பார்ப்பதே வழக்கம். கட்டணம் நாளுக்கு நாள் மாறுவது, அதை விட்டுவிடுவோம். காலத்தைப் பொறுத்தவரை நாம் நினைக்கும் அளவு மிச்சமில்லை. சென்னையிலிருந்து பெங்களூருவுக்குச் சாலை வழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். காரில் ஆறு, ஏழு மணி நேரம். விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரமே. ஆயினும் மீனம்பாக்கத்துக்கு முன்னதாகப் போய்ச் சேர்தல், சோதனை, காத்திருப்பு, அங்கே இறங்கியபின் தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் வந்து சேரும் நெடுவழி ஆகியவற்றைக் கூட்டினால் வீட்டுக்கு வீடு ஐந்து மணியை நெருங்கிவிடும். மிஞ்சுவது இரண்டு மணி நேரம்.

நாம் இங்கே எழுப்ப விரும்புவது வேறு வினா. இவ்விரண்டில் ஹிம்சை குறைந்தது எது? அதை எப்படி அளப்பது?

இல்லறத்தாருக்கு நேரும் ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே கொல்லும் சங்கல்ப ஹிம்சை ஒன்றே அவர்களுக்கு அறவே விலக்கு. சமையல் முதலிய வீட்டு வேலைகளில் நேரும் ஆரம்ப ஹிம்சையும், தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சையும், தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சையும் இயன்ற மட்டும் குறைக்கத்தக்கவை. பயணம் இவற்றுள் முதலிரண்டிலும் கலந்து கிடக்கிறது. ஆகவே காரும் விமானமும் நமக்கு விலக்கப்பட்டவை அல்ல என்பது தெளிவு. விலக்கப்படாதவை எல்லாம் குற்றமற்றவை ஆகிவிடா என்பதும் அதே அளவு தெளிவு. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஹிம்சையை வரையறுக்கும்போது உயிர் போதலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய மன, மொழி, மெய்ச் செயலால் உயிர் போவதே ஹிம்சை என்கிறார். பிரமாதம் என்பது அசட்டை, கவனமின்மை, தன்னை மறந்த நிலை. எனவே எந்த ஊர்தியில் எத்தனை உயிர் போகிறது என்பதோடு, நம் அசட்டை எந்த இடத்தில் நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் எரிபொருள். தீயையும் காற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டெனக் கொள்ளும் நமக்கு எரித்தல் எதுவும் சிறு செய்தி அன்று. எரிந்த புகை உலகைச் சூடேற்றுகிறது என்பதை இன்று அறிவியலும் சொல்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் பெங்களூருவைச் சேர்வதற்குள் ஏறக்குறைய 54 கிலோவை வெளியிடுகிறது. இத்தடத்தில் பறக்கும் ஏ320 வகை விமானம் ஒரு முறைக்குச் சுமார் இரண்டு டன் எரிபொருளைச் செலவிடும். ஒரு கிலோ விமான எரிபொருளுக்கு 3.16 கிலோ கரியமில வாயு என்பது கணக்கு. நூற்றைம்பது பேர் அமர்ந்திருந்தால் தலைக்கு 42 கிலோ. இருபுறமும் விமான நிலையத்துக்கு ஏறும் வாடகைக் கார் தனி.

காரில் நால்வர் சென்றால் தலைக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோ. விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. இருவர் சென்றாலும் கார் விமானத்துக்குக் கீழேதான். ஒருவர் மட்டும் சென்றால் 54. அப்போது விமானமே மேல். ஊர்தியின் பெயரைக் கேட்டு அறம் சொல்ல முடியாது. அதில் எத்தனை இருக்கை காலி என்று கேட்க வேண்டும். ஒரே தெருவில் வாழும் அண்ணனும் தம்பியும் ஒரே திருமணத்துக்கு இரண்டு கார்களில் தனித்தனியே புறப்படுவதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! திரும்பும்போது யார் முதலில் கிளம்புவது என்ற சிறு மனத்தாங்கலே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

அடுத்தது நம் சமயத்தாருக்கே உரிய ஒரு செய்தி. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நம் இல்லங்களில் இன்றும் போற்றப்படும் நெறி. ஏன் உண்பதில்லை என்று கேட்கும் குழந்தைக்கு நாம் சொல்லும் விடை என்ன? இருளில் சிற்றுயிர்கள் கண்ணுக்குப் படா. விளக்கேற்றினால் விட்டிலும் பூச்சியும் ஒளியை நாடி வந்து விழுந்து மடியும் என்கிறோம். நல்ல விடை. ஆனால் மாலை ஐந்தரை மணிக்கே உண்டு முடித்துவிட்டு, வெயில் தணிந்தது, சாலையில் நெரிசலும் குறையும் என்று இரவு ஒன்பது மணிக்குக் காரை எடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. சமையலறையில் ஒரு விளக்குக்கு அஞ்சியவர்கள் இரண்டு முகப்பு விளக்குகளை ஏற்றிக்கொண்டு 350 கிலோமீட்டர் போகிறார்கள். காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது தெரிவது என்ன என்பதை அவர்களே அறிவர்.

நெதர்லாந்தில் 2011-ஆம் ஆண்டு ஆர்னால்டு வான் விலியட் என்னும் உயிரியலாளரின் முயற்சியால் கார் ஓட்டுவோர் பலர் தம் வண்டியின் முன்புற எண் பலகையில் மோதி ஒட்டிய பூச்சிகளை எண்ணிக் கூறினர். பத்துக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு என்று வந்தது. எண் பலகையில் மட்டும் இவ்வளவு. வண்டியின் முகப்பு முழுமையும் அதனினும் பல மடங்கு பரப்புடையது. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் பக்கத்தில் ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பும் இரவை நினைத்துக்கொள்க. விமானமும் ஏறும்போதும் இறங்கும்போதும் பூச்சிகளையும் சில வேளை பறவைகளையும் கொல்கிறது. ஆயினும் பெரும்பகுதி வழியை அது பூச்சிகள் மிக அரிதான உயரத்தில் கடக்கிறது. நேரும் சாவும் நூற்றைம்பது பேருக்குப் பொதுவாகிறது. இந்த ஒரு கணக்கில் கார் தோற்கிறது. இரவுக் கார் படுதோல்வி அடைகிறது. பகலில், கதிரவன் எழுந்தபின் புறப்பட்டு, இடையில் எங்கேனும் நிழலில் கட்டுச்சோறு உண்டு, மறையுமுன் சேர்வது நம் நெறிக்கு ஒத்தது. ஏழு மணி நேரப் பயணம் பகலுக்குள் தாராளமாக அடங்கும்.

பூச்சியைப் பேசிவிட்டு மனிதரைப் பேசாமல் விட்டால் உலகம் நம்மை நகைக்கும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. அவ்வாண்டு நாட்டிலேயே மிகுதியான சாலை விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் தமிழ்நாடு. விபத்துகள் 64,105, மாண்டோர் 17,884. நாடு முழுவதும் மாண்டவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நால்வர் இருசக்கர ஊர்தியில் சென்றவர்கள். பத்தொன்பதின்மர் நடந்து சென்றவர்கள். கார், வேன் முதலியவற்றுள் இருந்தவர்கள் எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். காரில் செல்வோர் "நமக்கு ஏதேனும் ஆகிவிடுமோ" என்றே அஞ்சுகின்றனர். சாலையோ பெரும்பாலும் வெளியே இருப்பவர்களின் உயிரைக் கேட்கிறது. பால்கேனோடு சைக்கிளில் வருபவர், நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து வயலுக்குப் போகும் மூதாட்டி, நூறு நாள் வேலை முடிந்து திரும்பும் பெண்கள். பின்னிரவு மூன்று மணிக்கு ஓட்டுபவரின் இமை ஒரு கணம் மூடுமானால், உமாஸ்வாமி சொன்ன பிரமாதத்துக்கு அதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

விமான விபத்தின் இயல்பு வேறு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் மாண்டனர். தரையில் 19 பேர் மாண்டனர். நெஞ்சை உலுக்கிய நிகழ்ச்சி. அதன் பின்னர் "இனி எங்கு போனாலும் கார்தான்" என்ற பேச்சு எழுவது இயல்பே. ஆனால் அச்சம் நல்ல கணக்கர் அன்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் சென்றனர். அதனால் அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் மாண்டனர் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்டு கிகரென்சர் கணித்துக் காட்டினார். எவரும் கொல்ல நினைக்கவில்லை. அனைவரும் தம் உயிரைக் காக்கவே நினைத்தனர்.

இதுவரை சொன்னவற்றால் விமானமே அஹிம்சைக்கு அணுக்கமானது என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அவர்கள் வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளும் வாதம் ஒன்று உண்டு. "விமானம் எப்படியும் பறக்கத்தான் போகிறது. நாம் ஏறாவிட்டால் நம் இருக்கை காலியாகப் போகும். காரையோ நாமே எடுக்கிறோம், நாமே எரிக்கிறோம், நாமே ஓட்டுகிறோம்." கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் நம் நெறியில் வினை மூன்று வாயில்களால் வருகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படல். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றோடும் இவை பெருகி ஒன்பதாகும். காரில் நாம் செய்பவர், விமானத்தில் செய்விப்பவர். கை படவில்லை என்பதால் கணக்கு முடிந்துவிடவில்லை.

இதே வாதத்தை வேறோர் இடத்தில் நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்கில் மறுத்து வந்துள்ளனர். "கடைக்காரன் எப்படியும் வெட்டுவான், நான் வாங்கி உண்பதால் கொலைப்பழி எனக்கு எப்படி வரும்?" என்று கேட்டவர்களுக்கு, வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்று திருக்குறளின் புலான்மறுத்தல் விடை கூறுகிறது. நீலகேசியும் இது பற்றி வாதிடுகிறது. புலாலுக்கு ஏற்காத சமாதானத்தைப் பயணச்சீட்டுக்கு மட்டும் ஏற்பது எங்ஙனம்? இரண்டும் ஒரே தரத்தன அல்ல என்பதை ஒப்புகிறோம். கசாப்புக்காரன் கொல்லவே கத்தி எடுக்கிறான்; விமானி எவரையும் கொல்ல எண்ணுவதில்லை. பழியின் அளவு வேறு. வாதத்தின் ஓட்டை ஒன்றே. பயணிகள் குறைந்த தடத்தில் விமானங்கள் குறைக்கப்படுவதும், பெருகிய தடத்தில் கூட்டப்படுவதும் கண்கூடு. பெருகியபின் புதிய ஓடுதளம் வேண்டும். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என 2022-இல் அறிவிக்கப்பட்டபோது, ஏகனாபுரம் முதலிய ஊர்களின் உழவர்கள் தம் வயலையும் ஏரிகளையும் எண்ணிப் போராடத் தொடங்கியது நினைவிருக்கும். அகன்ற நெடுஞ்சாலைகளும் வயல்களின் மீதுதான் போடப்பட்டன. கார்க்காரருக்கு அதைச் சுட்டிக்காட்டி நிம்மதி அடைய வழியில்லை. "எல்லாம் அநேகாந்தம், இப்படியும் சொல்லலாம் அப்படியும் சொல்லலாம்" என்று கைகழுவிவிடுவதும் நமக்கு உடன்பாடன்று. அநேகாந்தம் பல பக்கங்களையும் பார்க்கச் சொன்னதே தவிர, பார்த்தபின் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை.

துறவியருக்கு இச்சிக்கல் இல்லை. அவர்கள் நடக்கின்றனர், மழைக்காலத்து நான்கு மாதங்களில் அதையும் நிறுத்துகின்றனர். அங்கும் காலம் சில வினாக்களை எழுப்பாமல் இல்லை. 1975-இல் முனி சுசீல் குமார் விமானம் ஏறி அமெரிக்கா சென்றபோது பெருங் கண்டனம் எழுந்தது. 1980-இல் ஆசாரிய துளசி, ஊர்தியில் செல்ல இசைவுடைய சமணிகள் என்னும் இடைநிலை ஒன்றையே தேராபந்தத்தில் ஏற்படுத்தினார். இருவரும் சொன்ன காரணம் அறம் பரப்புதல். அத்தகைய காரணம் இருந்தும் விமானப் பயணம் அவ்வளவு ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

காரணம் என்ற சொல் நம்மைச் சமந்தபத்திரரிடம் கொண்டு சேர்க்கிறது. இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவர் அநர்த்த தண்டத்தை, அதாவது பயனின்றி இழைக்கும் தீங்கை, ஐவகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் பிரமாதசரியை என்பதன் கீழ், வீணே நிலத்தைக் கிளறுதல், நீரை இறைத்தல், தீ மூட்டல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு மேலும் இரண்டைச் சேர்த்திருக்கிறார். வீணே அலைதல் ஒன்று. பிறரை அலைய வைத்தல் மற்றொன்று. இந்த இரண்டாவது நம் கவனத்துக்குத் தப்பிவிட்டது. கார், விமான விவாதம் எல்லாம் அலைபவரைப் பற்றியதாகவே இருக்கிறது. அலைவிப்பவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

மணமகன் வீட்டார் வந்தவாசிப் பக்கம். மணமகள் வீட்டார் சென்னை. சுற்றத்தில் பத்தில் எட்டுப் பேர் இவ்விரு இடங்களுக்குள் இருக்கின்றனர். ஆயினும் பிள்ளைக்கு வேலை பெங்களூருவில் என்பதற்காகவோ, மண்டபம் எழிலாக இருக்கிறது என்பதற்காகவோ திருமணம் அங்கே வைக்கப்படுகிறது. முந்நூறு பேர் புறப்படுகின்றனர். ஒவ்வொரு வீட்டிலும் காரா விமானமா என்ற ஆராய்ச்சி தனித்தனியே நடக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் மனச்சான்றைக் கேட்டு நல்ல முடிவே எடுத்தாலும், முந்நூறு பேரின் அலைச்சல் அழைப்பிதழ் அச்சான நாளிலேயே முடிவாகிவிட்டது. வரமுடியாத முதியவர் மனம் நோவதும் அன்றே முடிவாகிவிட்டது. இதற்கு முன்னே, ஒவ்வோர் உறவினர் வீட்டுக்கும் நேரில் சென்று பாக்கு வைத்து அழைக்காவிட்டால் குறை என்ற வழக்கம் வேறு. உறவுகள் ஒரே வட்டத்துக்குள் இருந்த நாளில் அது அழகிய வழக்கம். கோவையில் இருக்கும் சித்தப்பாவைப் பத்து நிமிடம் பார்த்து அழைப்பிதழ் தர ஐந்நூறு கிலோமீட்டர் போய்வரும்போது, தொலைபேசியில் அழைத்தால் வரமாட்டேன் என்னும் சித்தப்பாவும் அலைவித்தலில் பங்கு கொள்கிறார் என்றே சொல்வோம். பெரியவர்கள் இதைக் குற்றமாகக் கொள்ள வேண்டா. "போனில் சொன்னாலே போதுமப்பா" என்று முதலில் சொல்லத்தக்கவர்கள் அவர்களே.

இவையெல்லாம் நல்ல காரியங்களுக்கு. நோய், இறப்பு என்றால் கணக்குப் பார்ப்பது அறமாகாது. தந்தை கோவை மருத்துவமனையில் கிடக்கும்போது சென்னையிலுள்ள மகன் கிடைத்த விமானத்தில் ஏறட்டும். கலங்கிய மனத்தோடு அவர் தாமே இரவில் காரை ஓட்டிச் செல்வதுதான் ஆகாது. நம் இலக்கியத்தில் வானூர்தி வருவதும் அத்தகைய வேளையில்தான். திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் கட்டியங்காரன் படை அரண்மனையைச் சூழ்ந்தபோது, கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பினாள். அது இறங்கிய இடம் சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறந்தான்.

மூன்றாம் வழியாகிய ரயிலை நாம் ஏனோ கடைசியில்தான் நினைக்கிறோம். 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூரு வந்தே பாரத் ரயில் பெங்களூருவை ஏறத்தாழ நான்கரை மணியில் அடைகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கியது கோவையை ஆறு மணிக்குள் அடைகிறது. விமானத்தோடு ஒப்பிட்டால் வீட்டுக்கு வீடு பெரிய வேறுபாடில்லை. தூக்கக் கலக்கத்தில் ஓட்ட வேண்டியதுமில்லை. பிரான்ஸ் நாடு 2023-இல், இரண்டரை மணிக்குள் ரயிலில் அடையக்கூடிய சில ஊர்களுக்கு உள்நாட்டு விமானச் சேவையைச் சட்டத்தாலேயே விலக்கியது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திசைக்கும் தேசத்துக்கும் எல்லை வகுத்துக்கொள்ளும் குணவிரதங்களை ஏற்ற மரபினர் நாம். "இத்தனை மணிக்குள் ரயிலில் அடையும் ஊருக்கு, உயிர்க்காரியம் தவிர, விமானம் ஏறேன், இரவில் கார் எடேன்" என்று ஓராண்டுக்கு எல்லை வகுத்துக்கொள்வது தேச விரதத்தின் பாற்படும். ஒவ்வொரு முறையும் கட்டணத்தைப் பார்த்தபின் அறத்தைப் பார்ப்பதைவிட, முன்னரே வகுத்த எல்லை மனத்துக்கும் எளிது. ரயில் நம் சிற்றூர்களின் வாயிலுக்கு வராது என்பது உண்மையே. மேல்சித்தாமூருக்கும் பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் கடைசியில் சாலைதான். நிலையத்தில் இறங்கி நால்வர் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்திக்கொள்வது அரிதன்று.

சிரவணபெளகொளாவில் பாகுபலி பகவானுக்கு மகாமஸ்தகாபிஷேகம் 2006-இலும் 2018-இலும் நிகழ்ந்தது. பன்னீராண்டு முறைப்படி அடுத்தது 2030-இல் வரவேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். வந்தவாசிப் பக்கத்திலிருந்து நானூற்றுக்கு மேல். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை புறப்படும் என்பதில் ஐயமில்லை. ஐம்பது பேர் நிறைந்த பேருந்து லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடினாலும் ஐந்நூறு கிலோமீட்டருக்குத் தலைக்கு ஏழு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளிப்படாது. நால்வர் செல்லும் காருக்கு அதனினும் இரண்டரை மடங்குக்கு மேல். பெங்களூரு–ஹாசன் ரயில் பாதையும் 2017 முதல் சிரவணபெளகொளா வழியே செல்கிறது. சென்னையில் இருப்போர் பகல் ரயிலில் பெங்களூரு சென்று இரவு தங்கி, மறுநாள் காலை அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். ஊர் தோறும் பேருந்துக்குப் பெயர் சேர்ப்பது நான்கு மாதத்துக்கு முன் தொடங்கினால் போதும். முதியோர் இரவு தங்குவதற்கு மட்டும் முன்னதாகவே வழி செய்ய வேண்டும். பெங்களூருவில் வாழும் நம்மவர் வீடுகளில் எந்த வீட்டில் எத்தனை பேருக்கு இடம் உண்டு, எந்த வீட்டில் மாடிப்படி ஏற வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கேட்டு எழுதி வைக்கலாம்.